இரண்டு வருஷம் நான் அடித்த மணி

'டொம்' என்றுதான் கேட்கும். மற்ற பள்ளிக்கூடங்களில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடித்தால் 'டங்' என்று கிளம்பி நாலு வயல் தாண்டிப் போகும் சத்தம், எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி அடித்த இடத்திலேயே அடங்கிவிடும். காதுக்கு எட்டாத அந்தச் சத்தமெல்லாம் என் கைக்குள் இறங்கும். இரும்புக் கம்பியைப் பிடித்த உள்ளங்கையில் தொடங்கி முழங்கை வரைக்கும் ஒரு குறுகுறுப்பு ஏறி, ஸ்லேட்டில் முதல் வரி எழுதி முடிக்கிற வரை நிற்கும். எண்பத்தைந்து வயதாகிவிட்டது, என் வலது கை இன்னும் அதை மறக்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரயில் பாதைக்கு மேற்கே நாலு மைல் நடந்தால் எங்கள் ஊர். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மொட்டைப் பாறைக்குன்று. ஊரை விட்டுத் தள்ளி, கிழக்கே எங்கள் தெரு. அங்கே யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஊர்க்காரர்கள் நிலத்தில் 'மல்லாட்டை' என்கிற வேர்க்கடலை பிடுங்கியும் நாற்று நட்டும் பிழைத்த குடும்பங்கள். ஆனால் எங்கள் தெருவுக்கென்று ஒரு வேதக்கோயிலும், அதை ஒட்டிக் கீற்றுக் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. எஸ்தர் டீச்சர் என்ற ஒரே ஒரு டீச்சர், நாற்பது பிள்ளைகள், வாசலில் ஒரு புங்கமரம். இவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

சண்டைக் காலத்தில், எனக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது, லாரி லாரியாகப் பட்டாளம் வந்து ஏரிக்கு வடக்கே கூடாரம் போட்டது. குன்றைக் குறியாக வைத்துப் பீரங்கி சுட்டுப் பழகினார்கள். ஆடுமாடு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று தண்டோரா போட்டாயிற்று. காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை குன்றின் மேல் புகையாகக் கிளம்பும். எங்கள் வீட்டுக் கேப்பைக்கூழ்ப் பானையின் மூடி தானாக ஆடும். சில மாதம் கழித்து ஒரு நாள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பர்மாவுக்கு என்று பேசிக்கொண்டார்கள். சுட்டது எல்லாம் வெடித்ததா, வெடிக்காமல் மண்ணுக்குள் புதைந்தது எத்தனை என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அப்புறம் சண்டையும் முடிந்தது. முடிந்தது என்றால் முடிந்ததுதான் என்று நாங்களும் நம்பினோம்.

அதற்கு அடுத்த சித்திரையில் ஏரி வற்றியது. ஊர் மணியக்காரரின் நிலத்துக்கு வண்டல் வெட்டிப் போடப் போன என் நைனாவின் மண்வெட்டியில் ஏதோ 'ணங்' என்று இடித்தது. தோண்டினால், முழ நீளத்துக்கு ஒரு இரும்பு. குண்டுப் பூசணிப்பிஞ்சைப் போல உருண்டு, ஒரு முனை கூம்பி, மறுமுனையில் செப்பு வளையம் போட்டிருந்தது. அது பட்டாளத்துக் குண்டு என்று நைனாவுக்குத் தெரியாமல் இல்லை. "சுட்டாச்சு, வந்து வுழுந்தாச்சு, இனிமே வெறும் இரும்புதான" என்பது அவர் எண்ணம். ஊரே அப்படித்தான் நினைத்தது. கூம்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்று திருகியிருக்கிறார். துருவேறி இறுகிப்போய் அசையவில்லை. அந்தத் துருவுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டிருக்கலாம். நைனா பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பிள்ளைகள் படிக்கிற இடத்துக்குத் தன் கையால் ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை. செங்கல் பொடியால் தேய்த்துச் செப்பு வளையத்தைப் பளபளவென்று ஆக்கி, வளையத்தை ஒட்டிக் கம்பியால் கட்டி, கூம்பு கீழே பார்க்கப் புங்கமரத்துக் கிளையில் தேங்காய்நார்க் கயிற்றால் தொங்கவிட்டார். அதுவரை கையைத் தட்டித் தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம். "குடுத்தவரு பொண்ணே அடிக்கட்டும்" என்று அடிக்கிற இரும்புக் கம்பியை என்னிடம் தந்தார்.

தினம் நாலு வேளை. காலையில் முதல் மணி, ரெண்டாம் மணி, மத்தியானம் சாப்பாட்டு மணி, வீட்டுக்குப் போகிற மணி. அதை அடிக்கும்போது எனக்கு இருந்த பெருமை, பின்னாளில் நர்ஸ் வேலைக்கு வெள்ளை உடுப்பு மாட்டியபோதுகூட இருந்ததில்லை. ஒரே குறை, சத்தம் போதாது. "ரூத்து, கடைசி வூட்டுக்குக் கேக்கலியாம். நல்லா ஓங்கி அடி பாப்பா" என்பார் டீச்சர். நானும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, கால் விரலில் எம்பி, ஓங்கி அடிப்பேன். அப்படி இரண்டு வருஷம்.

சுதந்திரம் வந்ததற்கு மறு வருஷம், ஆடி மாதம், லாசர் மாமா பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தார். எங்களுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. சொந்தம் என்று பார்த்தால் தூரம்தான். ஆனால் என் அம்மாவை 'அக்கா' என்றும் நைனாவை 'மாமா' என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர். பட்டாளத்தில் அவர் துப்பாக்கி பிடித்தவர் இல்லை, சமையல்காரர். பர்மாவில் சோறாக்கி, அப்புறம் எங்கெங்கோ ஆக்கி, கடைசியில் காய்ச்சலில் மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்து, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கடைசி ஆளாக ஊர் வந்தார். முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தார். மறுநாள் காலை நான் முதல் மணி அடித்தேன்.

அந்தச் சத்தம் அவரை எழுப்பியிருக்கிறது. வெறும் இரும்பு இப்படிக் கேட்காது, உள்ளே ஏதோ அடைந்திருக்கிறது என்று படுத்தபடியே நினைத்தாராம். வெளியே வந்து தூரத்திலிருந்து பார்த்தவருக்கு, மரத்தில் தொங்குவது என்ன என்று தெரிந்துவிட்டது.

நான் ரெண்டாம் மணிக்குக் கம்பியை ஓங்கிக்கொண்டிருந்தேன். லாசர் மாமா கத்தவில்லை. ஓடி வரவும் இல்லை. கத்தினால் நான் திடுக்கிட்டுக் கம்பியை இறக்கிவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டியபடி, சிரித்துக்கொண்டே, கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்து வந்தார்.

"பாப்பா, நீ ரூத்துதான? எம்மாம் வளந்துட்ட! அந்தக் கம்பிய மாமாகிட்ட குடு. நானும் ஒரு தரம் அடிச்சுப் பாக்கறேன்."

கொடுத்தேன். கம்பியைப் புல்லின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"டீச்சர், புள்ளைங்கள ஏரிக்கரைக்குக் கூட்டிக்கினு போங்க. வரிசையா, பாட்டு பாடிக்கினு போகட்டும். யாரும் ஓட வேணாம். மரத்துப் பக்கம் போவாம, பின்னால வேலியப் பிரிச்சிக்கினு போங்க."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு எஸ்தர் டீச்சர் ஏன், எதற்கு என்று நின்று பேசியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. தன் கையாலேயே வேலியைப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, எங்களை நடத்திக்கொண்டு போனார்.

தெரு முழுக்கக் கூடிவிட்டது. "சோறாக்குனவனுக்குக் குண்டப் பத்தி என்னா தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். லாசர் மாமா கோபப்படவில்லை.

"ஒன்னும் தெரியாதுதான். இதக் கழட்டத் தெரியாது, அவிக்கத் தெரியாது. தொடக்கூடாதுன்னு மட்டும் தெரியும். இதுக்குப் பட்டாளத்துல 'பிளைண்டு'ன்னு பேரு. சுட்டும் வெடிக்காதது. பர்மாவுல என்னோட சமைச்சவனுங்க மூணு பேரு, அடுப்புக்குக் கல்லு கெடைக்கலன்னு இது மாதிரி ஒன்ன எடுத்து அண்டை குடுத்தானுங்க. நான் தண்ணி மொள்ளப் போயிருந்தேன்."

கூட்டம் மரத்தை விட்டுப் பின்னால் நகர்ந்தது.

நைனாதான் நிலைகொள்ளாமல் தவித்தார். "நான்தான தொங்கவுட்டேன்? நானே அறுத்துத் தூக்கிக்கினு போயி ஏரில போட்டுட்றேன்" என்று அரிவாளோடு கிளம்பிவிட்டார். லாசர் மாமா குறுக்கே போய் இரண்டு கையாலும் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "மாமா, ஒங்க தப்பு ஒன்னும் இல்ல. நல்ல எண்ணத்துலதான் குடுத்தீங்க. இப்ப நீங்க செய்ய வேண்டியது வேற. ஜல்தியா திண்டிவனம் போயி ஆளக் கூட்டிக்கினு வாங்க." அந்தப் பிடியை விடாமல் அப்படியே அரிவாளையும் வாங்கிக்கொண்டார்.

டீச்சர் இங்கிலீஷில் ஒரு மனு எழுதினார். லாசர் மாமா சொல்லச் சொல்ல, குண்டின் நீளம், செப்பு வளையம், கூம்பு எல்லாம் எழுதி, 'பிளைண்டு' என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். நைனா அதை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு நடந்தார். அங்கே ஒரு ஆபீசில் நாளைக்கு வரச் சொன்னார்கள். இன்னொரு ஆபீசில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். சுட்டவன் கப்பலேறிப் போய்விட்டான், நாங்கள் என்ன செய்ய என்று ஒருவர் சிரித்தாராம். மூன்று நாள் போய்ப் போய் வந்தார்.

இங்கே எங்களுக்கு நாலு பக்கமும் ஆடிக் காற்று. அது வீச வீசக் குண்டு ஊசலாடியது. இரண்டு வருஷம் நான் அடித்த அடியில் கயிறு கட்டுக்கம்பியில் தேய்ந்து, மூன்று புரியில் ஒரு புரி விட்டுப் போயிருந்தது. அறுந்தால் கூம்பு நேராகத் தரையில் இடிக்கும். லாசர் மாமா சொன்னார்: "கீழ மெத்த போட்டுடணும்."

மெத்தைக்கு முதலில் மணல். தெருப் பெண்கள் ஏரியிலிருந்து கூடையில் சுமந்து வந்து, அவர் கோடு கிழித்த இடத்தில் கொட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அங்கிருந்து மரத்தடிக்கு அவர் மட்டும் கொண்டு போவார். குனிந்து, மூச்சுகூடப் படாத மாதிரி மணலைச் சரித்துவிட்டுப் பின்னாலேயே நடந்து வருவார். என் அம்மா மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டினாள். "எங்கூட்டு ஆளு தொங்கவுட்டது தம்பி. நீ மட்டும் சொமக்கறத நான் பாத்துக்கினு நிக்க மாட்டேன்" என்றாள். அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பக்கமாகக் கூடையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வீசும்போதெல்லாம் இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள். குண்டு ஆடி நின்ற பிறகு அடுத்த அடி வைப்பார்கள்.

மணல் முழங்கால் உயரம் வந்த பிறகு, மேலே மெத்தென்று போடக் கொடி வேண்டியிருந்தது. மல்லாட்டை பிடுங்கிய பிறகு காயவைத்துப் போர் போட்டு வைப்பார்களே, அந்தக் கொடி. அது மணியக்காரரிடம்தான் இருந்தது. அம்மா போய் அவர் வாசலில் நின்றாள்.

"மாட்டுத் தீனிய குண்டுக்குப் போடச் சொல்றியா?" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"அந்த மணிய அடிச்சிக்கினு இருந்தது யாரு?"

"எம்பொண்ணுதாங்க."

அவர் ஆளைக் கூப்பிட்டு வண்டி பூட்டச் சொன்னார். போரில் பாதி வந்து இறங்கியது. அவரைப் பற்றி எங்கள் தெருவில் சொல்வதற்கு வேறு கதைகள் நிறைய உண்டு. ஆனாலும் அந்த ஒரு வண்டிக் கொடியை நான் மறைக்க மாட்டேன்.

கொடி குண்டைத் தொடுகிற உயரத்துக்கு வந்தது. அத்தோடு நிம்மதி என்று நினைத்தோம். அப்போதுதான் ஆடுகள் வந்தன. ஆடி மாதத்தில் புல்லுக்கு ஏங்கிக் கிடந்த தெருவின் அத்தனை ஆடும், மல்லாட்டைக் கொடி வாசனைக்கு மரத்தடியை நோக்கிக் கிளம்பிவிட்டன. ஒரு கிடா கொம்பால் முட்டினால் போதும். கல்லெறியக் கூடாது, கத்தி விரட்டக் கூடாது. லாசர் மாமா கையில் ஒரு வேப்பங்கொத்தை வைத்துக்கொண்டு, "போடா ராஜா, போடீ கண்ணு" என்று கெஞ்சிக் கெஞ்சி ஒவ்வொன்றாக ஓட்டினார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு தெருவே கூடி எல்லா ஆட்டையும் வீட்டில் கட்டிப்போட்டுத் தழை ஒடித்துப் போட்டது. ஆனாலும் அவர் இடத்தை விட்டு நகரவில்லை. ஆறு நாள். சாப்பாட்டை அம்மா கோட்டுக்கு வெளியே வைப்பாள். "பேஜாரு புடிச்ச வேல தம்பி ஒனக்கு" என்பாள். "சோறாக்கறத விட சுளுவுதான் அக்கா" என்பார்.

நாலாம் நாள் நைனா திண்டிவனத்தை விட்டுவிட்டு ரயிலேறி விழுப்புரம் போனார். பெரிய ஜங்ஷன், பட்டாளத்து ஆட்கள் வண்டி மாறுகிற இடம். பிளாட்பாரத்தில் காக்கி உடுப்புப் போட்டவர் ஒவ்வொருவரிடமும் மனுவை நீட்டியிருக்கிறார். பலர் நகர்ந்து போனார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஹவில்தார், கோடு போட்ட அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றாராம். டீயைக் கீழே வைத்துவிட்டு நைனாவைக் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குள் கூட்டிப் போய், எங்கெங்கோ தந்தி கொடுக்க வைத்திருக்கிறார். அவர் பேர் என்ன, எந்த ஊர் என்று நைனாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பேர் தெரியாதவருக்கும் சேர்த்துத்தான் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ஜெபம் நடந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் ஒரு லாரியில் மூன்று பேர் வந்தார்கள். பெரியவர் தாடி வைத்த பஞ்சாபிக்காரர். மரத்தடிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தவர், கொடியையும் மணலையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இது யார் செய்தது என்று கேட்டார். லாசர் மாமா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "குக், சாப்" என்றார். அந்தத் தாடிக்காரரும் திருப்பி சல்யூட் அடித்தார். சமையல்காரருக்கு.

குண்டைக் கொடியோடு சேர்த்து அணைத்து இறக்கி, மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து, பிரசவித்தவளைத் தூக்குகிற மாதிரி நடந்தே வற்றிக் கிடந்த ஏரி நடுவுக்குக் கொண்டு போய், அதை வெடித்துத் தீர்க்க மருந்து வைத்துவிட்டுத் தள்ளி வந்தார்கள். ஊரும் தெருவும் மறுபக்கக் கரைக்குப் பின்னால், அன்றைக்கு மட்டும் பிரிவில்லாமல், கலந்து உட்கார்ந்திருந்தோம். நைனா என் பக்கத்தில். "எதுக்கு இவ்ளோ? அது செத்துப்போன இரும்பாதான் இருக்கும்" என்று கடைசி வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்படி இருந்துவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

அப்புறம் தரை எங்களைத் தூக்கிப் போட்டது. சத்தம் பிறகுதான் வந்தது. ஏரி நடுவில் மண் பனைமர உயரத்துக்குக் கிளம்பி, வெகு நேரம் எங்கள் தலை மேல் பொடியாகக் கொட்டியது. கொக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பின. கைக்குழந்தைகள் அழுதன. நைனா என் வலது கையைத் தேடி எடுத்து மடியில் வைத்து, விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஐந்தும் இருக்கிறதா என்று பார்ப்பது போலத் திரும்பத் திரும்பத் தொட்டார். பிறகு அந்தக் கையைத் தன் முகத்தில் பொத்திக்கொண்டார். என் உள்ளங்கை நனைந்தது. ஆண்பிள்ளை அழுவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

லாசர் மாமா அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. திண்டிவனம் பஸ் நிற்கிற இடத்தில் சின்ன இட்லிக்கடை போட்டார். கல்யாணம் செய்துகொண்டார், மூன்று பெண்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர் யார் போனாலும், பார்த்ததும் தட்டில் ஒரு இட்லி கூடுதலாக விழும். எழுபது வயதைத் தாண்டி, வீட்டிலேயே, பெண்கள் பக்கத்தில் இருக்கத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். பர்மாவில் தண்ணீர் மொள்ளப் போன மனிதருக்கு அப்படி ஒரு அமைதியான சாவு கிடைத்ததை நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மொட்டைப் பாறைக்குன்று இல்லை. ஜல்லிக்காக உடைத்து உடைத்து, அது இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கும் ஒரு பெரிய பள்ளம்தான் இருக்கிறது. ஏரியில் பாதி வீட்டுமனை. புங்கமரத்தைச் சாலை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். கீற்றுக் கொட்டகை போய்க் கட்டடம் வந்தாயிற்று. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு லாசர் என்றால் யார் என்று தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் அவர்கள் விளையாடுவதும் நல்லதுதான்.

அந்த நாற்பது பிள்ளைகளில் நாங்கள் நாலு பேர் அன்றைக்குக் கோயில் நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்திருந்தாள். ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் கடைசி வரை மண்வெட்டி பிடித்தவர். சர்க்கரை எவ்வளவு, மாத்திரை எத்தனை, எந்த மூட்டு ரொம்ப வலிக்கிறது என்று வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எழுந்திருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முனகிக்கொண்டும், அதற்குச் சிரித்துக்கொண்டும், நாலு கிழங்கள் மெதுவாகத் தெருவில் நடந்தோம். முட்டி வலிக்கிற வயது வரைக்கும் எங்களைக் கொண்டுவந்து விட்டவரை நினைத்துக்கொண்டு, நான் எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தேன்.